துறைமுகத்துக்குள்ளேயே ஓடித் தேய்ந்த எஞ்சின்கள்

டைட்டானிக் படம் பார்க்காத ஆக்கள் எங்கட வயதில் குறைவு. 1912 ஏப்ரல் 10ஆம் திகதி, சவுத்தாம்டன் துறைமுகம். கப்பல் வெளிக்கிடப் போகுது. ஜாக் சீட்டாட்டத்தில் வென்ற டிக்கெட்டோடு ஓடி வாறான். நாங்கள் எல்லாரும் ஜாக்கைப் பார்த்தோம், ரோஸைப் பார்த்தோம், கப்பலைப் பார்த்தோம்.

அந்தக் கப்பல் நின்ற கரையை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கள். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து வந்த ரயில்கள் கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்துதான் ஆக்களை இறக்கின. அதாவது கடற்கரை விளிம்பு வரைக்கும் தண்டவாளம் இருந்தது. பயணிகள் இறங்கின பிறகு அந்த வெறும் பெட்டிகளை யார் இழுத்துக்கொண்டு போனது? சரக்கு வண்டிகளைப் பிரித்து, இது இந்தக் கப்பலுக்கு, அது அந்தக் கப்பலுக்கு என்று கொண்டுபோய் விட்டது எது? இந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. எங்கட வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. கைத்தொழிற் புரட்சி என்றால் ஜேம்ஸ் வாட், ஜோர்ஜ் ஸ்டீபன்சன், பிறகு வேகமான ரயில், பெரிய கப்பல். அதோடு பாடம் முடிஞ்சுது.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. ஒரு துறைமுகத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடி, சிலநேரம் ஒரு நாளில் சில மைல்களுக்கு மேல் நகராமல், ஆயுள் முழுக்க வேலை செய்த சின்ன எஞ்சின்களைப் பற்றியது.

ரயில்காரர் வாங்கின துறைமுகம்

சவுத்தாம்டன் துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டது 1838இல். லண்டனிலிருந்து அந்த நகரத்துக்கு ரயில் பாதை முழுதாகத் திறக்கப்பட்டது 1840இல். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனால் துறைமுகம் ஒரு கம்பனியிடம், ரயில் இன்னொரு கம்பனியிடம் இருந்தது. துறைமுகக் கம்பனிக்குக் காசு போதவில்லை. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போக, அவற்றுக்கு ஏற்ற ஆழமும் கரையும் கட்ட அதனால் முடியவில்லை. 1892இல் லண்டன் தென்மேற்கு ரயில்வே துறைமுகத்தை முழுதாக வாங்கியது.

இதுக்குப் பிறகுதான் சவுத்தாம்டன் உண்மையில் வளர்ந்தது. 1907இல் வைட் ஸ்டார் கம்பனி தன் நியூயோர்க் விரைவுக் கப்பல்களை லிவர்பூலிலிருந்து இங்கே மாற்றியது. 1911இல் அவர்களுக்கென்றே ஒரு புதிய கப்பல்துறை திறக்கப்பட்டது. டைட்டானிக் நின்றது அதிலைதான். ரயில்வேயைப் பொறுத்தவரை துறைமுகம் என்பது பாதையின் கடைசி நிலையம். கப்பல் ஏறப் போகிறவனும் தங்கட ரயிலில்தான் வரவேண்டும், கப்பலில் இறங்கின இறைச்சியும் பழமும் தங்கட ரயிலில்தான் லண்டன் போகவேண்டும். அதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு சரிவர ஒரு வேலை நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஷண்டிங் என்பார்கள். எங்கட ரயில்வேயிலும் அதே சொல்தான். நீளமாக வருகிற ஒரு சரக்கு ரயிலைப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியையும் அதது போகவேண்டிய இடத்துக்குத் தள்ளி, திரும்ப வேறு வரிசையில் கோர்த்து அனுப்புவது. சீட்டுக்கட்டைக் கலைச்சு அடுக்கிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு சீட்டும் பத்துத் தொன்.

நாலு சில்லு

இந்த வேலைக்குப் பெரிய எஞ்சின் சரிவராது. ஏன் என்றால், துறைமுகத்துக்குள் தண்டவாளம் நேராகப் போகாது. கிடங்கைச் சுத்தி, பாரந்தூக்கிக்குக் கீழால், கப்பல்துறையின் மூலையைத் திருப்பிப் போகும். வளைவு சரியான இறுக்கம். நீளமான எஞ்சின் அதில் திரும்பப் பார்த்தால் சில்லு தண்டவாளத்தை விட்டுக் கழன்றுவிடும். முதல் சில்லுக்கும் கடைசிச் சில்லுக்கும் இடையிலான தூரம் குறைவாக இருக்கவேண்டும். அதேநேரம் பாரமான வண்டிகளை நின்ற நிலையிலிருந்து அசைக்கிற பலமும் வேண்டும். வேகம் தேவையே இல்லை.

அந்த ரயில்வேயின் எஞ்சின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் அடம்ஸ் இதற்காக வடிவமைத்ததுதான் பி4 வகை. லண்டன் நைன் எல்ம்ஸ் தொழிற்சாலையில் 1891 தொடக்கம் 1893 வரை 20 எஞ்சின்கள். பிறகு 1908இல், அடம்ஸுக்குப் பின் வந்த டுகால்ட் டிரம்மண்டின் காலத்தில் இன்னும் 5. மொத்தம் 25. நாலே நாலு சில்லு. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 7 அடி மட்டும். தண்ணீரைத் தனி வண்டியில் இழுக்காமல் தன் இரண்டு பக்கத்திலும் உள்ள தொட்டியிலேயே சுமந்துகொள்ளும். எடை 33 தொன்னுக்குக் கொஞ்சம் மேல்.

இவை எல்லாம் சவுத்தாம்டனில் இருக்கவில்லை. வேறு யாட்டுகளிலும் வேலை செய்தன. ஆனால் துறைமுகத்துக்கு வந்தவற்றுக்கு ஒரு வடிவான விஷயம் நடந்தது: பெயர் வைத்தார்கள். நோர்மண்டி, கிரன்வில், செர்பூர், கான், ஜெர்சி, கேர்ன்சி. எல்லாம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து இடங்களும் தீவுகளும். சவுத்தாம்டனிலிருந்து ரயில்வேயின் சொந்தக் கப்பல்கள் போய்வந்த பக்கம் அது. துறைமுக வாசலைத் தாண்டாத எஞ்சினுக்கு, தான் ஒருநாளும் போகாத ஊரின் பெயர். பெரிய விரைவு ரயில் எஞ்சின்களுக்கே அந்தக் கம்பனி அப்போது வழமையாகப் பெயர் வைப்பதில்லை என்பதை யோசிச்சால், இது சின்ன விஷயம் இல்லை.

எஞ்சினுக்குப் பக்கத்தில் நடந்த மனிசர்

எஞ்சினைப் பற்றி மட்டும் கதைத்தால் நாங்களும் அந்தப் படம் மாதிரித்தான் ஆகிவிடுவோம். ஷண்டிங் எஞ்சினில் ஒரு சாரதி, நிலக்கரி போடுகிற ஒரு ஃபயர்மன். அதைவிட முக்கியமானவர் கீழே, தண்டவாளத்தில் நடக்கிறவர். கையில் முனையில் கொக்கி வைத்த நீளத் தடி. வண்டிகள் அசைந்துகொண்டிருக்கும்போதே, ஒன்றை மற்றதோடு இணைக்கிற சங்கிலியை அந்தத் தடியால் தூக்கிக் கொளுவ வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். இரவிலும் மழையிலும் அதே வேலைதான். கால் ஒருக்கா வழுக்கினால் இரண்டு வண்டிக்கு நடுவில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தானிய ரயில்வேயில் தொழிலாளர் செத்ததும் ஊனமானதும் பெரிய பிரச்சினையாக மாறி, அதை விசாரிக்க ஒரு அரச ஆணைக்குழு போட்டார்கள். அதன் பிறகு 1900இல் ரயில்வே ஊழியர் விபத்துத் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் சொல்லப்பட்ட விஷயங்களைப் பார்த்தால் அதுக்கு முதல் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். வண்டியின் பிரேக் கைபிடி இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்ததால், மறுபக்கம் நிற்கிறவன் ஓடுகிற வண்டிகளுக்கு இடையால் புகுந்து போகவேண்டி இருந்தது. வேலை நடக்கிற யாட்டுக்கு இரவில் வெளிச்சம் வேண்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கிற வண்டியை எஞ்சினிலிருந்து கட்டையால் முட்டுக்கொடுத்துத் தள்ளுகிற பழக்கம் கட்டுப்படுத்தப்பட வேண்டும். ஒரு விளக்கு, ஒரு கைபிடி. இதுக்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கு.

டைட்டானிக் வெளிக்கிட்ட அந்த மாதமும் பிரித்தானியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தேசிய வேலைநிறுத்தம் அப்பத்தான் முடிந்திருந்தது. மற்றக் கப்பல்களில் இருந்த நிலக்கரியை எடுத்துத்தான் டைட்டானிக்கை நிரப்பினார்கள். ஆடம்பரத்துக்குக் கீழே எவ்வளவு உழைப்பு நின்றது என்பது, அந்த உழைப்பு நிற்கும்போதுதான் தெரிய வருகுது.

போருக்கென்று செய்தது

பி4 எஞ்சின்கள் முதலாம் உலகப் போரைப் பார்த்தன. 1930களில் துறைமுகம் மேற்கே விரிந்ததைப் பார்த்தன. கடலை நிரப்பிக் கட்டின புதிய துறைகளும், 1933இல் திறந்த ஐந்தாம் ஜோர்ஜ் உலர் கப்பல்துறையும் வந்தன. அப்ப தண்டவாளமும் நீண்டது, வண்டிகளும் பாரமானது. நாலு சில்லு எஞ்சினுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. 1940 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதலாம் திகதியும் ஜெர்மன் விமானங்கள் சவுத்தாம்டனை எரித்தன. பிறகு 1944இல் அதே துறைமுகத்தால் நோர்மண்டி கரைக்குப் படைகளும் தளபாடங்களும் போயின. ஐம்பது வயது கடந்த எஞ்சின்களை மாற்ற அந்த நேரம் யாருக்கும் வழியில்லை.

இதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வேறொரு எஞ்சின் உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்க இராணுவப் போக்குவரத்துப் படைக்காக கேணல் ஹோவார்ட் ஹில் வடிவமைத்த எஸ்100 வகை. டேவன்போர்ட், போர்ட்டர், வல்கன் என்று மூன்று தொழிற்சாலைகள். 1942 தொடக்கம் 1944 வரை 382 எஞ்சின்கள். ஐரோப்பாவில் இறங்கி ஒரு துறைமுகத்தைப் பிடித்தால், அங்கே இருக்கிற எஞ்சின்களையும் பாதைகளையும் பின்வாங்குகிற எதிரி உடைத்துவிட்டுத்தான் போவான். அதனால் எஞ்சினையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எஸ்100 அந்தத் தேவைக்குப் பிறந்தது. கப்பலில் ஏற்றி, இறக்கி, உடனே தண்டவாளத்தில் வைத்து வேலை தொடங்குவது. வடிவம், மினுக்கம் ஒன்றும் பார்க்கவில்லை. குழாய் மாதிரி நேரான புகைபோக்கி. ஆறு சில்லு, அதற்கிடையில் 10 அடி மட்டும். இயங்குகிற பாகங்கள் எல்லாம் வெளியில், கைக்கு எட்டுகிற இடத்தில். எண்ணெய் விடக் கீழே தவழத் தேவையில்லை. கன வருஷம் நின்றுபிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. போர் முடியுமட்டும் ஓடினால் போதும்.

பலதும் 1942இல் பிரித்தானியா வந்து சேர்ந்தன. படையெடுப்புக்குக் காத்துக்கொண்டு கனக்க எஞ்சின்கள் நியூபரி குதிரைப் பந்தயத் திடலில் வரிசையாக நின்றன. 1944இல் நேச நாட்டுப் படைகள் கடல்வழியாக வந்து பிடித்த முதல் பெரிய துறைமுகம் செர்பூர். சவுத்தாம்டனில் ஒரு சின்ன எஞ்சின் எத்தனையோ வருஷமாகப் பெயராகச் சுமந்து திரிந்த அதே செர்பூர்.

2,500 பவுண் எஞ்சின்

போர் முடிந்தது. பந்தயத் திடல்களிலும் யாட்டுகளிலும் வேலையில்லாத எஸ்100கள் நின்றன. சவுத்தாம்டனை அப்போது நடத்திய சதர்ன் ரயில்வேக்கு துறைமுக எஞ்சின் உடனே தேவை. புதிதாக வடிவமைத்துக் கட்டினால் காசும் போகும், வருஷமும் போகும். 1946இல் ஒரு எஸ்100ஐ எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். பலம் போதும், வளைவும் திரும்புது. அது திருப்தியாக இருக்க மற்றவற்றையும் சேர்த்து மொத்தம் 15 வாங்கினார்கள். ஒன்றின் விலை 2,500 பவுண். 14 வேலைக்கு, ஒன்று உதிரிப்பாகத்துக்கு. 61 தொடக்கம் 74 வரை இலக்கம். 1947 முடிய முதல் அவை துறைமுக வேலையைப் பொறுப்பெடுத்தன. பி4கள் ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்குப் போயின.

இவற்றின் அதிகாரபூர்வப் பெயர் யூ.எஸ்.ஏ. வகை. ஊழியர் வைத்த பட்டப்பெயர் யாங்க் டாங்க். இந்தமுறை கடல் கடந்த ஊரின் பெயரை யாரும் எழுதவில்லை. அந்தப் பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது.

மலிவாக வாங்கின சாமானில் குறை இருக்கும்தானே. அமெரிக்கச் சாரதிக்கென்று செய்த நீராவிக் கைபிடி பிரித்தானியச் சாரதிக்குப் பழக்கமில்லை, மாற்றவேண்டி வந்தது. சாரதியின் அறைக்குள் வெக்கை. கூரையில் பெரிய காற்றுவழி வைத்தார்கள். முன்பக்கம் பார்க்க வட்ட ஜன்னலுக்குப் பதில் சதுர ஜன்னல்கள். நிலக்கரிப் பெட்டி போதவில்லை, அதைப் பெருப்பித்தார்கள். பயணிகள் பெட்டியைக் குளிர்காலத்தில் சூடாக்க நீராவிக் குழாய். பிற்காலத்தில் பரந்த யாட்டுக்குள் ஆளை ஆள் பிடிக்க ரேடியோ தொலைபேசியும் பூட்டினார்கள். நீராவி எஞ்சினுக்குள் ரேடியோ! இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது.

பெரிய குறை நெருப்புப் பெட்டியில். பிரித்தானியாவில் வழமையாக அதைச் செம்பில் செய்வார்கள். போர்க்காலத்தில் உருக்கில் செய்தார்கள். சவுத்தாம்டன் பக்கத் தண்ணீர் வேறு சுண்ணாம்புத் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படியிறதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதோடு இரவு பகலாக வேலை. உருக்கு கெதியாய்க் கெட்டுப்போய், 1951இல் பல எஞ்சின்களுக்கு நெருப்புப் பெட்டியையே மாற்ற வேண்டி வந்தது.

எங்களைப் பிடித்த இடம் இதுதான். அந்த நேரம் "மலிவுச் சாமான், எறி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருத்தினார்கள், மாற்றினார்கள், ஓட்டினார்கள். சில வருஷப் போருக்கென்று செய்த எஞ்சின் துறைமுகத்தில் 15 வருஷம் நின்றுபிடித்தது. அதுக்குக் காரணம் அந்த வடிவமைப்பு மட்டுமில்லை. ஒவ்வொரு குறையையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்த, பெயர் எழுதப்படாத பட்டறைக்காரரும்தான். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, போருக்குச் செய்த எஞ்சின் ஒன்று வாழைப்பழ வண்டி இழுக்க வந்த கதை வேறு மாதிரி இருந்தது. இதை வைத்துப் போரால் நன்மையும் உண்டு என்று சொல்ல வரவில்லை. போர் விட்டுப்போன ஒன்றை வாழ்க்கைக்குத் திருப்பியது போர் இல்லை, மனிசர்.

வேலையே இல்லாமல் போனபோது

1962இல் ரஸ்டன் அன்ட் ஹோர்ன்ஸ்பி கம்பனி செய்த 14 டீசல் எஞ்சின்கள் சவுத்தாம்டன் துறைமுகத்துக்கு வந்தன. 14க்குப் 14. யாங்க் டாங்குகள் வெளியேறின. சில சிலிப்பர் கட்டைத் தொழிற்சாலை, கல்லுடைக்கிற இடம், வண்டி திருத்துகிற பட்டறை என்று ரயில்வேயின் உள்வேலைகளுக்குப் போயின. 1967 ஜூலை 9ஆம் திகதி இங்கிலாந்தின் தென்பகுதியில் நீராவி ரயில் முற்றாக முடிந்தது.

ஆனால் டீசலும் வென்றது என்று சொல்ல முடியாது. 1950களின் கடைசியில் அட்லாண்டிக்கை விமானத்தில் கடக்கிற ஆக்கள் கப்பலில் போகிறவர்களை விடக் கூடிவிட்டார்கள். நீராவி முடிந்த அதே 1967 ஒக்டோபர் 31இல் குயின் மேரி கடைசித் தடவையாகச் சவுத்தாம்டனை விட்டுப் போனது. அடுத்த வருஷம் அங்கே கொள்கலன் சேவை தொடங்கியது. கொள்கலன் வந்தால் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு கப்பலுக்கும் தள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை. எஞ்சின் மாறியது மட்டும் இல்லை, அந்த வேலையே கரைந்துபோனது. கொக்கித் தடியோடு நடந்த மனிசரின் வேலையும் அதோடு போனது. ஆபத்தான வேலை போனது நல்லதுதான். ஆனால் வேலை போன ஆக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் "முன்னேற்றம்" என்ற சொல்லை நாங்கள் எழுதவேண்டும்.

இன்னும் ஒரு கதை இருக்கு. 1947இல் யாங்க் டாங்குகள் இடம்பெயர்த்த பி4களில் ஒன்று, 1893இல் பிறந்த நோர்மண்டி. ரயில்வே அதைக் கைவிட்ட பிறகு ஒரு நிலக்கரி வியாபாரக் கம்பனி வாங்கி, சவுத்தாம்டனில் தங்கட சொந்த இறங்குதுறைக்கே கொண்டுவந்தது. 1972இல்தான் அது புளூபெல் ரயில்வேக்குப் போனது. தன்னை அனுப்பிவிட்டு வந்த எஞ்சின்கள் போன பிறகும் அந்த ஊரில் நின்றது.

இன்று 25 பி4களில் இரண்டு மிச்சம்: நோர்மண்டியும் கிரன்விலும். 14 யாங்க் டாங்குகளில் நாலு மிச்சம். அதில் 72ஆம் இலக்கம் 1968 ஜூன் 29இல் யோர்க்ஷயரின் கீத்லி அன்ட் வேர்த் வலி பாதையை ஊர் ஆக்கள் திரும்பத் திறந்தபோது முதல் ரயிலை இழுத்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று. யூகோஸ்லாவியாவுக்கும் போருக்குப் பிறகு நூறுக்கு மேற்பட்ட எஸ்100கள் போயின. அங்கே அவை நன்றாக ஓட, அதே மாதிரியைத் தாங்களே இன்றைய குரோவேசியாவில் உள்ள ஸ்லாவொன்ஸ்கி புரோட் நகரத்தில் செய்யத் தொடங்கினார்கள். அங்கே 1960இல் செய்த ஒன்றை பிற்காலத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து 30075 என்ற இலக்கம் கொடுத்தார்கள். பழைய வரிசை 30074இல் முடிந்திருந்தது. அதுக்கு அடுத்தது. அமெரிக்காவில் வரைந்து, யூகோஸ்லாவியாவில் செய்து, இங்கிலாந்தில் இலக்கம் வாங்கின எஞ்சின்.

அடுத்தமுறை டைட்டானிக் பார்க்கும்போது, கப்பல் கரையை விட்டு விலகிற அந்தக் காட்சியில் ஒருக்கா நிப்பாட்டிக் கரைப்பக்கம் பாருங்கள். கை காட்டி முடிஞ்ச சனம் வீட்டை போனபிறகு, அங்கே கொக்கித் தடியோடு ஒருத்தர் நிற்பார். பின்னால் ஒரு சின்ன எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு நிற்கும். அடுத்த கப்பலுக்குச் சாமான் வரவேண்டும்.